வளரும் சிறார் உடலிற் கொழுப்பை அளத்தல்

சென்னை மாநகரின் மேற்றிசையில், அண்ணா நகருக்கும் அம்பத்தூருக்கும் இடையே முகப்பேர் என்றோர் ஊர் உளது. முன்னாளில் ஏரியும் வயலுமாய்க் கிடந்த அச்சிற்றூர், வீட்டு வசதி வாரியத்தார் மனை வகுத்து வீடு கட்டிய பின்னர், அடுக்கு வீடுகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நெருங்கிய நகர்ப்பகுதியாய் இன்று விளங்குகின்றது. 'மகப்பேறு' என்னும் சொல்லே நாளடைவில் மருவி முகப்பேர் ஆயிற்று என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு மகவு வேண்டி வருவோர் இன்றும் பலர். பெயர்க் காரணத்தை மொழிநூலார் ஆராய்ந்து துணிக. மக்களைப் பெறுதலும், பெற்ற மக்கள் வளரக் காண்டலும் மாந்தர்க்குப் பெருமகிழ்ச்சி என்பதனை அப்பெயர் நமக்கு நினைவூட்டுதல் போதும்.

குழந்தை வளர்கின்றது என்பதனை நம் தாய்மார் எங்ஙனம் அறிகின்றனர்? கன்னம் உப்பியதா, கையில் மடிப்பு விழுந்ததா என்று பார்க்கின்றனர். 'கொழுகொழு' என்றிருத்தல் நலத்தின் அடையாளம் எனவும், மெலிந்திருத்தல் வளர்ப்பின் குறை எனவும் நெடுங்காலமாக எண்ணி வருகின்றோம். அதே குழந்தை பத்து வயதெய்திப் பள்ளி செல்லுங்காலை, முன்பு மெச்சப்பட்ட அக்கொழுமையே நகைப்புக்கு இடமாகின்றது. மெச்சியதும் கண்ணளவு, நகைத்ததும் கண்ணளவு. இவ்விரண்டிற்கும் இடையில் உண்மையை உரைக்கும் அளவுகோல் யாது? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்ததற்கு எம் பிழையொன்றே காரணமாயிற்று. சில திங்கட்கு முன்னர், எம் மாணாக்கர் சிலரோடு முகப்பேரிலுள்ள பள்ளியொன்றிற்குச் சென்று, சிறாரின் உயரத்தையும் எடையையும் குறித்தோம். வேலை விரைந்து முடிதல் வேண்டுமென்று, எடை பார்ப்பவர் உரக்கச் சொல்ல, எழுதுபவர் சற்றுத் தொலைவிலிருந்து எழுதிக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்திருந்தோம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எடைப் பலகையில் ஏறினான். எண் ஒலித்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று நகைத்தனர். அவன் தலை கவிழ்ந்து இறங்கினான். அன்று பிள்ளைகளுக்குச் சுண்டல் வழங்கப்பட்டது. அவன் தன் பங்கைத் தோழனிடம் கொடுத்துவிட்டான். அதனைக் கண்டும், அதன் பொருளை யாம் அன்று உணர்ந்தோமில்லை. மறுவாரம் சென்றபோது அவன் அன்னை எம்மை நாடி வந்து, "ஐயா, இவனுக்கு இராச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். இன்னும் என்ன குறைக்க வேண்டும்?" என்று வினவினார். எமக்கு விடை தெரியவில்லை. நாங்கள் அளந்தது எடையை. அவர் வினவியதோ கொழுப்பைப் பற்றி. இரண்டும் ஒன்றெனக் கருதியதே எம் பிழை.

கொழுப்பின் பயன்

உடலிலுள்ள பொருள்களை மருத்துவ நூலார் எளிமை கருதி இரு கூறாக வகுப்பர். ஒன்று கொழுப்பு, மற்றொன்று கொழுப்பு நீங்கிய ஏனைய யாவும், அஃதாவது தசை, எலும்பு, குருதி, உள்ளுறுப்புக்கள், அவற்றிலுள்ள நீர் என்பன. எடைப் பலகை இவ்விரு கூற்றையும் சேர்த்தே நிறுக்கும், பிரித்துக் காட்டாது.

கொழுப்பு என்றவுடனே அதனைப் பகையெனக் கருதுதல் அறியாமை. உணவு குறைந்த காலத்துச் செலவிடுதற்கென உடல் சேர்த்துவைக்கும் பொருள் அஃது. குளிரைத் தடுப்பதும், உறுப்புக்களைத் தாங்குவதும், பருவமெய்துதற்குத் துணைபுரிவதும் அதன் தொழில்கள். கொழுப்புத் திசுவினின்று 'லெப்டின்' என்னும் சுரப்பொன்று தோன்றி மூளைக்கு உடலின் சேமிப்பை அறிவிக்கின்றது என்பது 1994-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மூளை விரைந்து வளரும் பச்சிளம் பருவத்திற்கு இச்சேமிப்பு இன்றியமையாதது. ஆதலின், சிறார்க்குக் கொழுப்பு இருத்தல் குற்றமன்று. எவ்வயதில் எவ்வளவு, உடலின் எப்பகுதியில் என்பதே வினா.

அவ்வளவோ வயதுதோறும் மாறுவது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் போமனும் அவர்தம் குழுவினரும் 1982-ஆம் ஆண்டில் வகுத்த கணக்கின்படி, பிறந்த குழந்தையின் எடையில் நூற்றுக்கு 14 பங்கு அளவில் கொழுப்பு. ஆறாம் திங்களில் அது நூற்றுக்கு 25 பங்கு அளவிற்கு உயர்கின்றது. பின்னர்க் குழந்தை தவழ்ந்து, நடந்து, ஓடி, நெடிது வளர வளரக் குறைந்து, ஐந்து வயதில் ஆண் குழந்தைக்கு நூற்றுக்கு 15 அளவிலும், பெண் குழந்தைக்கு 17 அளவிலும் வந்து நிற்கின்றது. அதன்பின் மீண்டும் ஏறுகின்றது. பருவமெய்துங்கால் பெண் மக்களுக்கு மேலும் கூடுகின்றது. ஆண் மக்களுக்கோ தசை மிகுதலால் அதன் பங்கு குறைகின்றது. ஆறு மாதக் குழந்தையின் கைமடிப்பு இயற்கை. ஐந்து வயதில் அது கரைந்து பிள்ளை மெலிந்து தோன்றுதலும் இயற்கையே. "முன்போல் இல்லையே, இளைத்துவிட்டானே!" என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஊட்டி ஊட்டித் திணிக்கும் பாட்டிமார் இவ்வுண்மையை அறிவாராயின் எத்துணை நலம்!

இப்படி இறங்கிய வளைவு மீண்டும் ஏறத் தொடங்கும் வயதும் கருதற்பாலது. பிரான்சு நாட்டு ஆய்வாளர் ரோலன்-கஷேராவும் அவர்தம் துணைவரும் 1984-ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டினர். பெரும்பாலும் ஆறு வயதளவில் நிகழும் அவ்வேற்றம், ஒரு பிள்ளைக்கு மிக முன்னரே தொடங்குமாயின், அப்பிள்ளை பிற்காலத்தில் மிகு கொழுப்புடையதாதல் கூடும் என்பது அவர்தம் முடிபு. ஒரு நாள் எடுத்த ஓரளவைக் காட்டிலும், ஆண்டுதோறும் எடுத்த அளவுகளின் போக்கே சிறந்த சான்று என்பது இதனால் விளங்கும்.

எடையும் உயரமும்

உயரமானவன் எடை மிகுந்திருத்தல் இயல்பு. ஆகவே, எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையொன்றைப் பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் கெட்லே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தார். கிலோகிராமில் எடுத்த எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தல் அம்முறை. 1972-ஆம் ஆண்டில் ஆன்செல் கீஸ் என்பார் அதற்கு உடல் நிறைக் குறியீட்டெண் என்னும் பொருள்படப் பெயரிட்டார். இக்காலத்தார் அதனைப் பி.எம்.ஐ. என்று வழங்குவர்.

பெரியோர்க்கு இவ்வெண்ணை ஒரே வரையறையால் மதிப்பிடுதல் கூடும். சிறார்க்கு அது பொருந்தாது. ஆறு வயதுச் சிறுவனுக்கு 18 என்பது மிகுதி. பதினைந்து வயதுச் சிறுவனுக்கு அதே 18 நடுவளவினும் குறைவு. ஆகவே வயதும், ஆண் பெண் என்னும் வேறுபாடும் கருதி வரைந்த வளர்ச்சிப் படத்தில் வைத்தே சிறாரின் எண்ணை நோக்குதல் வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தார் 5 முதல் 18 வயது வரையுள்ள நம் நாட்டுச் சிறார்க்கென 2015-ஆம் ஆண்டில் அத்தகைய படங்களை வெளியிட்டனர். பெரியவராகும்போது 23, 27 என்னும் எண்களைச் சென்றடையும் இரு கோடுகளை அவற்றில் எல்லையாக வரைந்தனர். முதற்கோட்டைக் கடத்தல் எடை மிகுதி, இரண்டாம் கோட்டைக் கடத்தல் உடற்பருமன். உலக நாடுகளுக்குப் பொதுவாக வழங்கும் எல்லைகள் 25, 30 ஆக இருக்க, நமக்கு மட்டும் அவற்றைத் தாழ்த்தியது ஏன்? அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

இத்துணை நுட்பத்தோடு நோக்கினும், இவ்வெண் கொழுப்பைக் காட்டுவதன்று. எடையையே உயரத்திற்கேற்பத் திருத்திக் காட்டுவது. கபடி ஆடித் தசை திரண்ட பிள்ளைக்கும், திண்ணையைவிட்டு எழாத பிள்ளைக்கும் ஒரே எண் வருதல் கூடும். பிறரினும் முன்னரே பருவத்தை அணுகி நெடிது வளரும் பிள்ளைக்கு எண் சற்று உயர்ந்து தோன்றும். ஆகவே இவ்வெண், உள்ளே சென்று பார்க்கவேண்டிய வீட்டைக் காட்டும் கைகாட்டி மரமே. வீட்டிலிருப்பாரை அது காட்டாது.

உள்ளே நோக்கும் முறைகள்

கொழுப்பு நீரில் மிதக்கும். தசையும் எலும்பும் அமிழும். அரசனது முடியின் பொன்னை ஆராய ஆர்க்கிமிடீசு கண்ட நெறி என்று நாம் சிறுவகுப்பில் படித்ததே ஈண்டும் உதவுகின்றது. ஒருவரை நிலத்திலும், பின் நீரில் முழுக்கியும் நிறுத்தால் உடலின் அடர்த்தி தெரியும். கொழுப்பின் அடர்த்தி 0.9 என்றும், ஏனைய கூற்றின் அடர்த்தி 1.1 என்றும் கொண்டு, வில்லியம் சிரி என்பார் 1961-ஆம் ஆண்டில் ஒரு வாய்பாடு அமைத்தார். 495-ஐ உடலடர்த்தியால் வகுத்து, 450-ஐக் கழித்தால் வருவது நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்பதாகும். அடர்த்தி 1.05 ஆயின், 471.4-இல் 450 போக, 21.4 பங்கு.

இவ்வாய்பாட்டைச் சிறார்க்கு அவ்வாறே இடுவோமாயின் நேர்வது யாது? குழந்தையின் எலும்பில் தாதுப்பொருள் குறைவு. தசையில் நீர் மிகுதி. ஆகவே கொழுப்பு நீங்கிய கூற்றின் அடர்த்தி, எட்டு வயதளவில் 1.1 அன்று, ஏறத்தாழ 1.08 மட்டுமே. 495-ஐ 1.08-ஆல் வகுத்து 450-ஐக் கழித்துப் பாருங்கள்: விடை 8.3. கொழுப்பு ஒரு துளியும் இல்லாத சிறுவன் ஒருவன் இருப்பானாயின், அவனிடத்தும் நூற்றுக்கு 8 பங்கு கொழுப்பு உண்டென்று இவ்வாய்பாடு பொய் கூறும். குழந்தை, பெரியவரின் சிறிய உருவம் அன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? அன்றியும், சிறு பிள்ளையை நீரில் முழுக்கி மூச்சடக்கச் செய்தல் ஆகாத காரியம். ஆகவே, நீருக்கு மாறாகக் காற்றைக்கொண்டு உடலின் பருமனை அளக்கும் மூடிய அறைகளை இந்நாளில் செய்துள்ளனர். பச்சிளங் குழந்தைகளை வைத்தளக்கும் சிறு பெட்டியும் உண்டு.

மற்றொரு நெறி நீரை அளத்தல். கொழுப்பில் நீர் இல்லை. ஆகவே உடலிலுள்ள நீரை அறிந்தால், கொழுப்பு நீங்கிய கூற்றினைக் கணிக்கலாம். ஹெவெசி என்னும் அறிஞர் 1934-ஆம் ஆண்டில் கனநீரைப் பருகச் செய்து, அஃது உடல் நீரில் எவ்வளவு கலந்து நீர்த்தது என்று கண்டு, இந்நெறிக்கு அடிகோலினார். இன்று சிறாரின் உமிழ்நீரைச் சிறிதளவு எடுத்து ஆராய்ந்தே இதனைச் செய்கின்றனர்; கனநீர் கதிர்வீச்சு அற்றதாதலின் தீங்கில்லை.

ஈண்டும் வயதை மறத்தல் கூடாது. ஐந்து வயதுக் குழந்தையொன்றின் எடை 20 கிலோகிராம், உடல் நீர் 12 கிலோகிராம் எனக் கொள்வோம். அவ்வயதில் கொழுப்பு நீங்கிய கூற்றில் நூற்றுக்கு 77 பங்கு அளவில் நீர். அக்கணக்கின்படி அக்கூறு 15.6 கிலோகிராம், எஞ்சிய 4.4 கிலோகிராம் கொழுப்பு. அஃதாவது நூற்றுக்கு 22 பங்கு. பெரியோர்க்குரிய 73 பங்கு என்னும் எண்ணை இட்டால், கொழுப்பு நூற்றுக்கு 18 பங்கே என வரும். அடர்த்திக் கணக்கில் பெரியோர் எண் கொழுப்பை மிகுத்துக் காட்டிற்று. நீர்க் கணக்கிலோ குறைத்துக் காட்டுகின்றது. அளவு பிழைபட்டதன்று, அளவினின்று முடிபுக்குச் செல்லும் பாலமே பிழைபட்டது.

உடற்பயிற்சிக் கூடங்களிலும் கடைகளிலும் இந்நாளில் காணப்படும் எடைப் பொறிகள் சில, வெறுங்காலோடு ஏறியவுடனே கொழுப்பின் பங்கை எண்ணாகக் காட்டுகின்றன. அவை உடலினூடே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்கு உண்டாகும் தடையினின்று உடல் நீரைக் கணித்து, அதனின்று கொழுப்பை ஊகிப்பன. நீர் பருகியதும், வியர்வை சிந்தியதும், பொறியினுள் பொதிந்த வாய்பாடு யாரை அளந்து ஆக்கப்பட்டது என்பதும் அவ்வெண்ணை மாற்றும். பெரியோர்க்கென அமைந்த பொறியில் பிள்ளையை ஏற்றி, வரும் எண்ணைக் கண்டு அஞ்சுதலும் மகிழ்தலும் வீண். மருத்துவமனைகளிலுள்ள 'டெக்சா' என்னும் கருவி, மிகச் சிறிதளவு எக்ஸ் கதிரால் எலும்பு, தசை, கொழுப்பு மூன்றையும் பிரித்துக் காட்டவல்லது. ஆயினும் விலைமிக்க அதனைப் பள்ளிதோறும் கொண்டுசெல்லல் இயலாது.

தோல்மடிப்பை அளத்தல்

பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலேயே செய்தற்கு ஏற்ற முறை தோல்மடிப்பை அளத்தலாம். உடற்கொழுப்பில் ஒரு பெரும் பகுதி தோலின் கீழ் உறைகின்றது. தோலை அக்கொழுப்போடு சேர்த்து மடித்துப் பிடித்தால், மடிப்பின் கனத்தைக் காலிப்பர் என்னும் இடுக்கியால் அளக்கலாம். சதுர மில்லிமீட்டருக்கு 10 கிராம் என்னும் மாறாத அழுத்தத்தோடு பற்றுமாறு இக்கருவி அமைந்திருத்தல் வேண்டும். இன்றேல், அழுத்த அழுத்த மடிப்பு மெலியும்.

மேற்கையின் பின்புறத்தை அளக்குமாறு இது: முழங்கையை மடக்கச் செய்து, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே மையால் குறியிடுக. பின் கையைத் தளர்வாகத் தொங்கவிடச் செய்க. குறிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலையும் கொழுப்பையும் மட்டும் பிடித்து, தசையினின்று விலக்குக. குறியின்மீது காலிப்பரை வைத்து, இரண்டு விநாடி கழிந்தபின் எண்ணை நோக்குக. இங்ஙனம் மும்முறை அளந்து சராசரி காண்க. கெண்டைக்காலின் உட்புறத்திலும், தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்குச் சற்றுக் கீழேயும் இவ்வாறே அளப்பர். கை பழகாதவர் இருவர் ஒரு பிள்ளையை அளந்தால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபடுதல் உண்டு. ஆகவே ஒருவரே ஆண்டுதோறும் அளத்தல் நன்று.

இவ்வளவினின்று கொழுப்பின் பங்கைக் காணும் வாய்பாடொன்றை, மேரி ஸ்லாட்டர் முதலிய அமெரிக்க ஆய்வாளர் 1988-ஆம் ஆண்டில் 8 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு வகுத்தனர். மேற்கை, கெண்டைக்கால் ஆகிய இரு மடிப்புக்களின் கூட்டுத்தொகையை மில்லிமீட்டரில் எடுத்து, சிறுவர்க்கு 0.735-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டுக, சிறுமியர்க்கு 0.610-ஆல் பெருக்கி 5.1-ஐக் கூட்டுக. பத்து வயதுச் சிறுவர் இருவர் எனக் கொள்வோம். இருவர்க்கும் உயரம் 140 சென்டிமீட்டர், எடை 32 கிலோகிராம், குறியீட்டெண் 16.3. ஒருவனுக்கு மடிப்புக்களின் தொகை 16, மற்றவனுக்கு 30. முதல்வன் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 12.8 பங்கு, அஃதாவது 4.1 கிலோகிராம், இரண்டாமவனுக்கு 23 பங்கு, அஃதாவது 7.4 கிலோகிராம். எடைப் பலகைக்கு இருவரும் ஒருவரே, காலிப்பருக்கோ வேறுவேறு.

எனினும் இவ்வாய்பாடு அமெரிக்கச் சிறாரை அளந்து கண்டது. நம் சிறார் உடல் அவர்தம் உடலை ஒத்ததோ? இவ்வினாவிற்கு விடை தேடி முகப்பேரை விட்டுப் புனேக்கும் மைசூருக்கும் செல்லுதல் வேண்டும்.

புனே, மைசூர் ஆராய்ச்சிகள்

மருத்துவர் யாஜ்னிக்கும் அவர்தம் குழுவினரும், புனே நகரை அடுத்த சிற்றூர்களிற் பிறந்த குழந்தைகளை அளந்து, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், அந்நாட்டுக் குழந்தைகளுக்கோ 3.5. எடை, நீளம், தலைச்சுற்று, வயிற்றுச்சுற்று யாவற்றினும் நம் குழந்தைகள் சிறியன. தசை மிகவும் குறைந்திருந்தது. ஆயினும் தோள்பட்டையின் கீழுள்ள மடிப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. பிற யாவும் சுருங்கியபோதும் நடுவுடற் கொழுப்பு காக்கப்பட்டிருந்தது! மெலிந்த உருவில் மிகுந்த கொழுப்பு என்னும் இந்நிலை, நம் மக்களிடம் கருவிலேயே தொடங்குகின்றது என்பது அவர் கண்டது.

அடுத்த ஆண்டில் யாஜ்னிக்கும், இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம் படத்தையே ஒருங்கே வெளியிட்டனர். இருவர்க்கும் குறியீட்டெண் 22.3. கொழுப்போ, யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கிற்கு 21.2. இந்தியச் சிறார் படத்தில் எல்லைக் கோட்டைத் தாழ்த்திய காரணம் இப்போது விளங்கும். ஒரே எண்ணில் நம்மவர் உடல் மிகுந்த கொழுப்பைத் தாங்குகின்றது; நீரிழிவும் நெஞ்சு நோயும் குறைந்த எடையிலேயே நம்மை அணுகுகின்றன.

மைசூர்ச் செய்தி எம்போன்ற கல்லூரியார்க்கு இன்னும் அணுக்கமானது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை கிறிஸ்தவ மிஷனரிமார் நிறுவியது. 1934-ஆம் ஆண்டு தொடங்கி, அங்குப் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்று ஆகியவை குறிப்பேடுகளில் பதியப்பட்டு வந்தன. எழுதியவர் எவரும் அது பின்னாளில் எதற்குப் பயன்படும் என்று அறிந்திலர்; நாடோறும் செய்யும் கடமையெனச் செய்தனர். 1934 முதல் 1954 வரை அங்குப் பிறந்தோரைத் தேடி ஆராய்ந்து, பிறப்பெடை குறைந்தோரிடையே நெஞ்சு நோய் மிகுதியாய் இருந்ததனை 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன்பின் அதே மருத்துவமனையில் 1997, 1998-ஆம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் கிருஷ்ணவேணி முதலியோர் தொடர்ந்து அளந்தனர். அக்குழந்தைகள் நான்கு வயது எய்தியபோது, ஏனைய அளவுகள் யாவும் இங்கிலாந்து அளவினும் குறைந்திருக்க, தோள்பட்டைக் கீழ் மடிப்பு மட்டும் அவ்வளவினும் மிகுந்திருந்தது. மேற்கையின் மடிப்பை மட்டும் அளந்து நிறைவுறாது, முதுகையும் அளக்க வேண்டும் என்பது இதனாற் பெறும் பாடம்.

இனிச் சென்னைக்கு மீள்வோம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார், 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையுள்ள 18,955 மாணாக்கரை ஆராய்ந்து 2014-ஆம் ஆண்டில் முடிபு வெளியிட்டனர். பன்னாட்டு அளவையின்படி, எடை மிகுந்தோரும் பருத்தோரும் தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21.4 பேர்; அரசுப் பள்ளிகளில் 3.6 பேர். ஒரே நகரில், ஒரே வயதினரிடையே இத்துணை வேற்றுமை! ஒரு புறம் ஆடிட இடமின்றி, வண்டியில் சென்று வண்டியில் மீளும் பிள்ளைகள். மறுபுறம் வளர்ச்சிக்கே உணவு போதாத பிள்ளைகள். ஆயினும் இவ்வெண்கள் எடையினின்று பெற்றவை, கொழுப்பை அளந்தவையல்ல. அரசுப் பள்ளியில் மெலிந்து தோன்றும் பிள்ளையிடத்தும் மைசூரிற் கண்ட அந்நிலை மறைந்திருத்தல் கூடும். 2016 முதல் 2018 வரை நாடு முழுதும் நிகழ்ந்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், எடையோடு நில்லாது மேற்கை, தோள்பட்டை ஆகிய ஈரிடத்து மடிப்பையும் அளந்தமை நல்லதொரு தொடக்கமாகும்.

அளப்பார்க்கு ஒரு சொல்

நிற்க. அவ்வன்னையார்க்கு யாம் கூறிய விடையை ஈண்டு உரைத்து முடிப்போம். காலிப்பரோடு மீண்டும் சென்றோம். இம்முறை எவர் எண்ணையும் எவரும் கேளாதவாறு, ஒரு திரைக்குப் பின்னே, ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, "தொடலாமா?" என்று கேட்டு, உடன்பட்டபின் அளந்தோம். எண்ணை ஒரு சிறு சீட்டில் எழுதி உறையிலிட்டுப் பெற்றோர் கையிலேயே கொடுத்தோம். அச்சிறுவன் தன் வகுப்பில் உயர்ந்தவர்களுள் ஒருவன். பருவ வளர்ச்சியும் தொடங்கியிருந்தது. மடிப்பு நடுவளவினும் சற்று மிகுதிதான். ஆயினும், அன்று எழுந்த நகைப்பிற்குரிய அளவு அன்று. அவனைக் கண்டு நகைத்து நின்ற ஒல்லியான பிள்ளைகள் சிலரிடத்து முதுகின் மடிப்பு எம்மை வியக்கச் செய்தது. இதனை எவரிடமும் யாம் கூறவில்லை. அவரவர் பெற்றோரிடம் மட்டும் கூறினோம்.

அன்னையாரிடம், "அம்மா, இராச் சாப்பாட்டை நிறுத்த வேண்டா. வளரும் பிள்ளையைப் பட்டினியிட்டால் கொழுப்பு மட்டுமன்றித் தசையும் குறையும், உயரமும் தடைப்படும். பொட்டலத் தின்பண்டமும் இனிப்புப் பானமும் குறைக. பருப்பும் கீரையும் முட்டையும் பழமும் தட்டில் இருக்க. மாலையில் ஒரு மணி நேரம் ஏரிப் பூங்காவில் ஓடி விளையாட விடுங்கள். எடை குறைதல் வேண்டுவதில்லை. அவன் உயரம் கூடக் கூட உடல் தானே நேர்படும். ஆறு திங்கள் கழித்து மீண்டும் அளப்போம். ஐயம் உளதேல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அவன்தான் ஐயா சாப்பிட மறுக்கிறான், யாரோ சிரித்தார்களாமே" என்றார். எம் தலை கவிழ்ந்தது. அவர் நிறுத்திய உணவை மீட்டுத் தருதல் எம்மால் இயன்றது. எம் கவனமின்மையால் அச்சிறுவன் உள்ளத்தில் விழுந்த எண்ணை அழித்தல் எளிதோ?

மாணாக்கர்காள்! உங்களுள் மருத்துவராவோரும், ஆசிரியராவோரும், பெற்றோராவோரும் பலர். அளத்தல் அறிவின் தொடக்கம், ஐயமில்லை. மைசூர்க் குறிப்பேடுகளைப் போல, பயன் கருதாது பொறுமையோடு எழுதிவைத்த எண்கள் பிற்காலத்தார்க்கு விளக்காகின்றன. ஆயின், வளரும் பிள்ளையை அளக்குங்கால் மூன்றினை மறவாதீர்கள். எடை வேறு, கொழுப்பு வேறு என்பது ஒன்று. பெரியோர்க்கும் பிற நாட்டார்க்கும் உரிய கணக்கை நம் பிள்ளைக்கு ஆராயாது இடலாகாது என்பது இரண்டு. அளவு அப்பிள்ளைக்கு உரியது. அதனை உரக்கக் கூறுதற்கு நமக்கு உரிமையில்லை என்பது மூன்று. முதலிரண்டையும் நூல்களிற் கற்கலாம். மூன்றாவதனை யாம் முகப்பேரில் ஒரு சிறுவனிடத்துக் கற்றோம். அதற்கு விலை கொடுத்தவன் அவன். நீவிர் விலையின்றிக் கற்பீராக.

அவன் இப்போது மாலைதோறும் பூங்காவில் பந்தாடுகின்றான் என்று கேள்வியுறுகின்றோம். சுண்டலைப் பகிர்ந்துண்கின்றானோ என்பதே யாம் அடுத்த முறை சென்று காணவிருக்கும் அளவு.